சேர்வர் விழுந்தால் எத்தனை மணிக்கு பில் போடலாம்? கொழும்பு வியாபாரங்களுக்கான கிளவுட் மீட்பு வழிகாட்டி

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, அதற்குள் சேர்வர், அதற்குக் காற்றுப் பிடிக்க ஒரு பழைய மேசை விசிறி. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் சேர்வர் எழும்பவில்லை. டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்ட் கார்ட் செத்துப்போயிருந்தது. முதலாளி பதறவில்லை.

"தம்பி, பேக்கப் இருக்குத்தானே?"

"இருக்கு முதலாளி."

"சரி, அப்ப எத்தனை மணிக்கு பில் போடலாம்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பேக்கப் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் போட்டு ஓடவிட ஓர் இயந்திரம் இல்லை. அந்த மொடலுக்கான கார்ட்டை யூனிட்டி பிளாசா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் வேறொரு கணினியைப் பிடித்து, விண்டோஸ் போட்டு, டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டு, கணக்கு மென்பொருளின் லைசன்ஸை மாற்றி வாங்கி, மூன்றாம் நாள் பின்னேரம்தான் முதல் பில் அச்சானது. அதுவரை கார்பன் தாள் வைத்த பில் புத்தகம்.

கிளவுட்டை, அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சேர்வர்களை வைத்து, முதலாளியின் அந்தக் கேள்விக்கு மணிக்கணக்கில் பதில் சொல்லும் நிலைக்கு வருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்று முதல் பத்து சேர்வர்கள் வரை, அவற்றைப் பார்க்க ஒருவர் அல்லது இருவர் என்று இருக்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். வங்கிகளுக்கு மத்திய வங்கியின் தனி விதிமுறைகள் உண்டு. அவர்கள் வழி வேறு.

படி 1: எது எதெல்லாம் விழலாம் என்று எழுதுங்கள்

பேரிடர் என்றவுடன் சுனாமி, பூகம்பம் என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். கொழும்பில் நாங்கள் கண்ணால் பார்த்தவற்றையே எழுதினால் ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

முதலாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களும் டீசலுக்கு வரிசையில் நின்றார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் இருண்டது. எந்த ஆபத்துப் பட்டியலிலும் யாரும் குரங்கை எழுதியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வெள்ளம். களனி கங்கை 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டியை மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மறுபடியும் பெருகியது. பேலியகொடையிலோ வத்தளையிலோ களஞ்சியம் வைத்துக்கொண்டு, சேர்வரை அங்கே தரைத்தளத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றால், இந்த வழிகாட்டியை அப்புறம் படியுங்கள். முதலில் அதை மேல்மாடிக்கு ஏற்றுங்கள்.

மூன்றாவது ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தீய மென்பொருள். இது தனிப் படியாகவே கீழே வருகிறது. நான்காவது, பேரிடர் என்று யாரும் நினைக்காத சின்ன விஷயங்கள்: செத்த டிஸ்க், தவறுதலாக அழித்த ஃபோல்டர், பாஸ்வேர்டை மனதில் வைத்துக்கொண்டே வேலையை விட்டுப்போன ஊழியர், பக்கத்துக் கடைத் தீயை அணைக்க அடித்த தண்ணீர். என் அனுபவத்தில் இந்த நான்காவது வகைதான் அதிகம் வருகிறது.

படி 2: இரண்டு எண்களைப் பேசி முடியுங்கள்

இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் இரண்டு சொற்கள் ஆர்டிஓ, ஆர்பிஓ. விழுந்ததிலிருந்து திரும்ப வேலை தொடங்கும் வரை எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பது ஆர்டிஓ. திரும்ப வரும்போது எவ்வளவு நேரத்துத் தரவு இல்லாமல் போனாலும் சமாளிக்கலாம் என்பது ஆர்பிஓ.

முதலாளியிடம் போய் "எவ்வளவு தரவு போனால் பரவாயில்லை?" என்று கேட்காதீர்கள். "ஒன்றும் போகக்கூடாது" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டு விலை கேட்டால், வரும் தொகையைப் பார்த்துத் திட்டத்தையே கைவிட்டுவிடுவார்கள். நான் இப்படிக் கேட்பேன்: "நேற்றுப் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போட்ட பில் எல்லாம் அழிந்துவிட்டது என்று வையுங்கள். எதைப் பார்த்துத் திரும்ப எழுதுவீர்கள்?"

ஒரு கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் உடனே வந்தது. லொறிக்காரரிடம் இருக்கும் பொருள் ஒப்படைப்புச் சீட்டின் பிரதி, அன்றைய காசுப் புத்தகம், இரண்டையும் வைத்து ஒரு மணிநேரத்து பில்களை அரை மணியில் திரும்ப ஏற்றலாம் என்றார்கள். ஆக அவர்களுக்கு ஆர்பிஓ ஒரு மணிநேரம் போதும். இன்னொரு இடத்தில் ஓடர் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் வருகிறது, காகிதமே இல்லை. அவர்களுக்கு 15 நிமிடத்துக்கு மேல் போனால் தலைவலிதான்.

ஆர்டிஓவையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். பில் போடும் சேர்வர் 4 மணித்தியாலத்தில் எழும்ப வேண்டும். சம்பளக் கணக்கு மாதம் 20 ஆம் தேதிக்கு முன் விழுந்தால் இரண்டு நாள் காத்திருக்கலாம், 25 ஆம் தேதி விழுந்தால் முடியாது. பழைய ஸ்கேன் கோப்புகள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் யாரும் தேடப்போவதில்லை. இப்படிப் பிரித்தால்தான் செலவு கைக்குள் நிற்கும்.

படி 3: எது எதில் தொங்குகிறது என்று தேடுங்கள்

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகும் படி இது. மீட்பு நாளில் மானம் போவதும் இங்கேதான்.

சேர்வர்களின் பெயர், டிஸ்க் அளவு, நினைவகம், இயங்குதளம் எல்லாம் எழுதுவது சுலபம். அதற்கு அப்பால், ஒவ்வொரு மென்பொருளும் எதை நம்பி ஓடுகிறது என்று பாருங்கள். நான் மாட்டிக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

டொங்கிள். பழைய கணக்கு மென்பொருள்கள் சிலவற்றுக்கு சேர்வரின் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி சாவி செருகியிருக்கும். அது இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. கிளவுட்டில் ஓடும் மெய்நிகர் சேர்வருக்கு அதைச் செருக இடம் ஏது? மென்பொருள் தந்தவரிடம் இப்போதே பேசி, சாவி தேவைப்படாத லைசன்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விழுந்த அன்றைக்குப் பேசினால் அவர்களுக்கு அன்று போயா விடுமுறையாக இருக்கும்.

வங்கி இணைப்பு. சம்பளமோ கொடுப்பனவோ நேரடியாக வங்கிக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால், வங்கி உங்கள் ஒபிஸின் நிலையான ஐபி முகவரியை மட்டும்தான் உள்ளே விடும். கிளவுட்டுக்கு மாறியதும் முகவரி மாறிவிடும், வங்கிக் கதவு பூட்டிவிடும். கிளவுட்டில் ஒரு நிலையான ஐபியை முன்கூட்டியே எடுத்து, அதையும் சேர்த்துப் பதியச் சொல்லி வங்கிக்கு இப்போதே கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து முடிய வாரங்கள் ஆகலாம்.

ஓடிபி வரும் போன். கிளவுட் கணக்குக்குள் நுழையும் இரகசிய எண் யாருடைய போனுக்கு வருகிறது? அந்த ஆள் அன்றைக்கு விமானத்தில் இருந்தால்?

டொமைன் பெயர். உங்கள் இணையத்தளமும் மின்னஞ்சலும் எந்தக் கணக்கில் பதிவாகியிருக்கின்றன, அதன் பாஸ்வேர்ட் யாரிடம்? ஐந்து வருடத்துக்கு முன் வலைத்தளம் செய்து தந்த பையன் கனடா போய்விட்டான் என்றால், அவனைத் தேடும் வேலையை இன்றே தொடங்குங்கள்.

இன்னொன்று, யார் கண்ணிலும் படாதது: பிரின்டர். டொட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் மூன்று பிரதி அடிக்கும் கடைகள் நிறைய. சேர்வர் கிளவுட்டில் எழும்பிவிட்டது, திரையில் எல்லாம் தெரிகிறது, ஆனால் பில் அச்சாகவில்லை என்றால் கவுண்டரில் நிற்பவருக்கு சேர்வர் இன்னும் விழுந்தேதான் கிடக்கிறது.

படி 4: எந்த அளவு தயார்நிலை வேண்டும்?

மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டர் வாங்கியவர்களுக்கு இது உடனே விளங்கும். சிலர் ஒன்றும் வாங்காமல், தேவைப்பட்டால் வாடகைக்கு எடுக்கலாம் என்று இருந்தார்கள். சிலர் சின்ன மெஷின் வாங்கி மின்குமிழுக்கும் காசுமேசைக்கும் மட்டும் இணைத்தார்கள். சிலர் முழுக் கட்டிடத்துக்கும் தானாகவே மாறும் ஏற்பாடு செய்தார்கள்.

கிளவுட்டிலும் அதே கதைதான். மிக மலிவானது, பேக்கப்பை மட்டும் கிளவுட்டில் வைத்து, விழுந்த பிறகு புதிதாக சேர்வர் அமைத்து ஏற்றுவது. ஒரு நாளோ கூடவோ ஆகும். அடுத்தது பைலட் லைட் என்பது. தரவு இடைவிடாமல் கிளவுட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், ஆனால் சேர்வர்கள் அணைந்தே இருக்கும். பொத்தானை அழுத்தினால் எழும்பும். மூன்றாவது, சின்ன அளவில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மாற்று ஏற்பாடு. நான்காவது, இரண்டு இடத்திலும் முழு அளவில் ஓடுவது. இது விமான டிக்கெட் விற்பவர்களுக்குச் சரி, மிளகாய்த்தூள் விற்பவர்களுக்கு வேண்டாம்.

புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்து நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது வகை போதும் என்பது என் முடிவு. கீழே வருவதெல்லாம் அதை வைத்துத்தான். அமேசனின் எலாஸ்டிக் டிஸாஸ்டர் ரிகவரி, மைக்ரோசொஃப்டின் அஷுர் சைட் ரிகவரி இரண்டும் இந்த வேலைக்கே செய்யப்பட்ட சேவைகள். ஏற்கெனவே வீம் என்ற பேக்கப் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் வழியாகவும் கிளவுட்டில் சேர்வரை எழுப்பலாம்.

படி 5: எங்கே வைப்பது, என்ன செலவு?

அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகுள் மூன்றுக்கும் இலங்கையில் முழுமையான கிளவுட் வலயம் இல்லை. கிட்ட இருப்பவை: அமேசனுக்கு மும்பாய், ஹைதராபாத், சிங்கப்பூர். மைக்ரோசொஃப்டுக்கு புனே, சென்னை, சிங்கப்பூர். கூகுளுக்கு மும்பாய், டில்லி, சிங்கப்பூர். உள்நாட்டில் எஸ்எல்டி-மொபிடெல், டயலொக் போன்றவையும் டேட்டா சென்டர் நடத்துகின்றன.

உள்நாட்டில் வைத்தால் ரூபாவில் பில் வரும், கடலடிக் கேபிளை நம்ப வேண்டியதில்லை, பிரச்சினை என்றால் நேரில் போய் நிற்கலாம். ஆனால் ஒபிஸும் மாற்றிடமும் ஒரே மின்கட்டமைப்பில், ஒரே மழையில். வெளிநாட்டில் வைத்தால் அந்தப் பயம் இல்லை, பதிலுக்குக் கேபிள் பயம். சீ-மீ-வீ 4 கொழும்பிலும், சீ-மீ-வீ 5 மாத்தறையிலும், பே ஒஃப் பெங்கால் கேட்வே கல்கிசையிலும் கரையேறுகின்றன. உங்கள் இரண்டு இணைய இணைப்புகளும் வெவ்வேறு நிறுவனத்துடையவையா, அவை வெளியே போகும் கேபிளும் வெவ்வேறா என்று கேட்டுப் பாருங்கள். விற்க வருபவருக்குத் தெரியாது. அவருடைய பொறியியலாளருக்குத் தெரியும்.

சட்டம்: வாடிக்கையாளர், ஊழியர் விபரங்கள் வெளிநாட்டுக்குப் போகின்றன என்றால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் சட்டத்தரணியோடு ஒருமுறை பாருங்கள். அது 2025 இல் திருத்தப்பட்டது, ஆகவே பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள்.

காசு: அமேசனின் சேவைக்கு ஒரு சேர்வருக்கு மணிக்கு 0.028 டொலர், அதாவது மாதம் ஏறக்குறைய 20 டொலர். அஷுருக்கு, தரவு அஷுருக்குள் போகிறது என்றால், ஒரு சேர்வருக்கு மாதம் 25 டொலர், முதல் 31 நாள் இலவசம். இதைப் பார்த்து "மூன்று சேர்வருக்கு 60 டொலர்தானே" என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். தரவை வைத்திருக்கும் டிஸ்க், அதன் நேரத்துக்கு நேரம் எடுக்கும் நகலான ஸ்னப்ஷொட், தரவை வாங்கும் சின்ன சேர்வர், எல்லாம் தனித்தனிக் கணக்கு. டிஸ்க் பெரிதாக இருந்தால் மொத்தத்தில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கும். ஒத்திகை நாளிலும் விழும் நாளிலும் முழு சேர்வர் ஓடும், அதற்கும் மணிக்கணக்கு உண்டு. அரசு வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலைகள் மாறக்கூடியவை, கையெழுத்துப் போடும் நாளில் அவரவர் தளத்தில் இருக்கும் விலைக் கணிப்பானில் போட்டுப் பாருங்கள்.

டொலர் பில் என்பதால் இன்னொரு விஷயம். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, அதே ஆண்டு மே மாதம் 360 ஐத் தொட்டது. 300 டொலர் பில் 60,000 ரூபாவிலிருந்து 108,000 ஆனது, சேர்வர் ஒன்றுகூடக் கூடாமலே. வருடாந்த வரவுசெலவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பணம் கட்டும் கார்டு யாருடைய சொந்தக் கார்டாகவும் இருக்கக்கூடாது. கார்டு காலாவதியாகி, நினைவூட்டல் மின்னஞ்சல் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போய், கணக்கு இடைநிறுத்தப்படுவதும் ஒரு பேரிடர்தான்.

படி 6: இணைய இணைப்பைக் கணக்குப் போடுங்கள்

உங்களிடம் மொத்தம் 500 ஜிபி தரவு, மேலே ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 20 மெகாபிட்) என்று வையுங்கள். ஒரு ஜிபி என்பது 8,000 மெகாபிட். 500 ஐ 8,000 ஆல் பெருக்கினால் 40 இலட்சம். 20 ஆல் வகுத்தால் 2 இலட்சம் செக்கன், அதாவது 55 மணித்தியாலம். அதுவும் இணைப்பு முழு வேகத்தில், வேறு யாரும் பாவிக்காமல் இருந்தால். நடைமுறையில் மூன்று, நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு தொடங்கினால் திங்கள் காலைக்கும் முடியாது. ஆகவே பகலில் வேகத்தைக் கட்டுப்படுத்தி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் முதல் நாளே எல்லாரும் "நெட் ஸ்லோ" என்று உங்கள் மேசைக்கு வந்து நிற்பார்கள்.

முதல் ஏற்றம் ஒருமுறைதான். அப்புறம் முக்கியமானது தினமும் மாறும் அளவு. ஒரு நாளில் 15 ஜிபி மாறுகிறது என்றால் 20 எம்பிபிஎஸ்ஸில் 100 நிமிடம். நாள் முழுக்கப் பரவலாகப் போகும், பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளூர் பேக்கப் கோப்பையும் அதே டிஸ்க்கில் எழுதுகிறீர்கள் என்றால், தினமும் முழு பேக்கப்பும் "மாறிய தரவு" என்று சேர்ந்து கிளவுட்டுக்குப் போகும். பேக்கப் எழுதும் டிஸ்க்கை விலக்கிவிடுங்கள். இந்த ஒரு தவறால் இணைப்பு அடைபட்டுத் தரவு பல மணிநேரம் பின்தங்கிக் கிடப்பதை நான் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

கீழே இறக்கும் கணக்கையும் போடுங்கள். 500 ஜிபியை 50 எம்பிபிஎஸ்ஸில் திரும்ப இறக்க 22 மணித்தியாலம். பேக்கப்பை மட்டும் கிளவுட்டில் வைத்திருப்பவர் அந்த 22 மணிநேரத்தைத் தாண்டித்தான் வேலையையே தொடங்க முடியும். சேர்வரை அங்கேயே எழுப்பினால் இறக்கவே தேவையில்லை.

படி 7: அமைப்பது

புதிய கிளவுட் கணக்கு ஒன்றைத் திறங்கள். இணையத்தளத்துக்கோ வேறு எதற்கோ ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தாலும் இதற்குத் தனிக் கணக்கு. தலைமைப் பயனருக்கு இரட்டைப் பூட்டு (பாஸ்வேர்டோடு இரகசிய எண்ணும் கேட்கும் முறை) போட்டு, அதன் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைந்த வேறு பயனர்.

அடுத்து வலையமைப்பு. ஒபிஸில் இருக்கும் ஐபி வரிசையையே கிளவுட்டிலும் வைக்கலாமா, வேறு வைப்பதா என்று இப்போதே முடிவெடுங்கள். ஒன்றாக வைத்தால் மென்பொருள்களில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் விபிஎன்னில் (இணையத்துக்குள் போடும் தனிப்பாதையில்) இணைந்திருக்க முடியாது. வேறு வைத்தால், ஐபியை நேரடியாக எழுதி வைத்த இடங்களைத் தேடித் திருத்த வேண்டும். நான் இரண்டாவதைத்தான் தேர்வு செய்வேன். ஐபிக்குப் பதில் பெயர் வைத்து அழைக்கும்படி மென்பொருளை மாற்ற அது ஒரு நல்ல சாட்டு.

பிறகு ஏஜென்ட். அமேசன் வழியில் ஒவ்வொரு சேர்வரிலும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவ வேண்டும். அது 443, 1500 ஆகிய போர்ட்கள் வழியாக வெளியே பேசும், ஃபயர்வோலில் திறந்துவிடுங்கள். அஷுரில் நீங்கள் ஹைப்பர்-வி (ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் சேர்வர்களை ஓட்டும் மென்பொருள்) பாவித்தால், தாங்கும் சேர்வரில் மட்டும் நிறுவினால் போதும். உள்ளே ஓடும் ஒவ்வொன்றிலும் தனியாகப் போடத் தேவையில்லை. தரவு 30 செக்கனுக்கு ஒருமுறையோ 5 நிமிடத்துக்கு ஒருமுறையோ போகும்படி வைக்கலாம்.

எழும்பும் வரிசையை எழுதி வையுங்கள். முதலில் டொமைன் கொன்ட்ரோலர் (பயனர் பெயர், பாஸ்வேர்டுகளைச் சரிபார்க்கும் சேர்வர்), அது முழுதாக எழும்பிய பிறகு டேட்டாபேஸ், அதன் பிறகு பில் போடும் மென்பொருள். வரிசை மாறினால் எல்லாம் எழும்பியும் ஒன்றும் வேலை செய்யாது. ஒவ்வொன்றுக்கும் கிளவுட்டில் எந்த அளவு இயந்திரம் என்பதையும் குறித்து வையுங்கள். மீட்பு நாளில் கொஞ்சம் சின்ன இயந்திரம் போதும், எல்லாரும் பொறுத்துக்கொள்வார்கள்.

பழைய கணக்கு மென்பொருள் உள்ளவர்கள் கவனிக்க: கவுண்டர் கணினியில் இருக்கும் நிரல், சேர்வரில் இருக்கும் டேட்டாபேஸோடு ஒரு திரை திறக்க நூற்றுக்கணக்கான முறை பேசும். ஒரே அறைக்குள் இது தெரியாது. கடல் தாண்டிப் பேசும்போது ஒரு பில் திறக்கும் நேரத்தில் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். தீர்வு, டேட்டாபேஸுக்குப் பக்கத்திலேயே கிளவுட்டில் ஒரு ரிமோட் டெஸ்க்டொப் சேர்வர் வைப்பது. கவுண்டரில் இருப்பவர் அதற்குள் நுழைந்து வேலை செய்வார், திரையில் தெரியும் படம் மட்டும்தான் கடலைத் தாண்டும். பிரின்டரையும் அதன் வழியாகவே இணைத்து, மூன்று பிரதி ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 8: ரான்சம்வேருக்குத் தனி ஏற்பாடு

இடைவிடாமல் தரவை நகலெடுக்கும் ஏற்பாட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. இங்கே கோப்புகள் பூட்டப்பட்டால் பூட்டப்பட்ட கோப்புகளும் சில செக்கன்களில் அங்கே போய்விடும். ஆகவே பழைய நேரப்புள்ளிகளுக்குத் திரும்பும் வசதியை எவ்வளவு நாளுக்கு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அமேசனின் சேவை வழமையாகக் கடைசி ஒரு மணிநேரத்துக்கு 10 நிமிடத்துக்கு ஒன்று, ஒரு நாளுக்கு மணிக்கு ஒன்று, ஒரு வாரத்துக்கு நாளுக்கு ஒன்று என்று வைக்கும். உள்ளே புகுந்தவர்கள் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் பூட்டுவார்கள் என்பதால் ஒரு வாரம் போதாது. ஒரு மாதமாவது வையுங்கள்.

அதோடு, யாராலும் அழிக்க முடியாத ஒரு பேக்கப் தனியாக வேண்டும். அமேசனில் ஒப்ஜெக்ட் லொக் என்று ஒன்று உண்டு. அதைக் கம்ப்ளையன்ஸ் முறையில் போட்டால், குறித்த நாள் முடியும் வரை கணக்கின் தலைமைப் பயனராலும் அழிக்க முடியாது. அஷுரிலும் இதற்கு நிகரானது இருக்கிறது. முதலில் ஒரு நாள் காலம் வைத்துப் பரீட்சித்துப் பாருங்கள். தவறுதலாகப் பத்து வருடம் என்று போட்டுவிட்டால், பத்து வருடமும் காசு கட்ட வேண்டியதுதான்.

இது மிகைப்பயம் இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் ரான்சம்வேரால் தாக்கப்பட்டு, அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு திரும்பவில்லை. இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது, அந்தக் காலத்துக்கு இணைப்பில் இல்லாத பேக்கப் இருக்கவில்லை.

கிளவுட் நிறுவனத்தையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்தவர்களில் பலர் இரண்டையும் இழந்தார்கள். 2024 மே மாதம் அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசுப்பர் கூகுள் கிளவுட்டில் வைத்திருந்த சேர்வர் தொகுதி தவறுதலாக அழிந்தது. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. அவ்வளவு பெரிய ஏற்பாடு எங்களுக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வேறொரு வீட்டு அலுமாரியில் வைத்தாலே பாதி நிம்மதி.

படி 9: ஒத்திகை

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கரன்ட் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார்கள். இதற்கும் அதே பழக்கம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அஷுரில் டெஸ்ட் ஃபெயிலோவர், அமேசனில் ட்ரில் என்று இருக்கும். ஓடும் சேர்வரைத் தொடாமல் நகலை மட்டும் எழுப்பும்.

நகலை வெளியுலகத்தோடு பேச விடாதீர்கள். என்னுடைய முதல் ஒத்திகையில் அதை மறந்தேன். எழும்பிய நகல், தன் கடமையே என்று, நேரக்குறிப்பின்படி 400 வாடிக்கையாளருக்கு "நிலுவையைச் செலுத்தவும்" என்று எஸ்எம்எஸ் அனுப்பியது. உண்மையான சேர்வரும் அதே நேரத்தில் அனுப்பியது. ஞாயிறு காலை இரண்டு முறை கடன் கேட்கப்பட்ட ஒரு ஹாஜியார் கடைக்கே வந்துவிட்டார். "என்ன தம்பி, ஒருக்கா சொன்னா எங்களுக்கு விளங்காதா?" என்று கேட்டார். இப்போது ஒத்திகை வலையமைப்பிலிருந்து வெளியே போகும் எல்லாப் பாதையையும் மூடிவிட்டுத்தான் எழுப்புகிறேன்.

சேர்வர் எழும்பியதும் ஒத்திகை முடிந்தது என்று எழுதாதீர்கள். கணக்குப் பிரிவில் ஒருவரை வரச் சொல்லி, ஒரு பில் போடச் சொல்லி, ஒரு கடன் நிலுவை அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். கடைசி பில் இலக்கம் என்ன என்று பாருங்கள். உண்மையான ஆர்பிஓ அதில்தான் தெரியும். தொடங்கிய நேரம், முதல் பில் வந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். எங்கள் முதல் ஒத்திகை 6 மணித்தியாலம் 40 நிமிடம். நான்காவது 1 மணித்தியாலம் 50 நிமிடம். இடையில் வாங்கிய புதுக் கருவி ஒன்றுமில்லை.

படி 10: அந்த நாள்

ஒரு தாள் வேண்டும். அச்சிட்ட தாள். சேர்வரில் இருக்கும் மீட்புத் திட்டத்தை, சேர்வர் விழுந்த அன்று யார் திறப்பது? மூன்று பிரதி: ஒபிஸில் ஒன்று, உங்கள் வீட்டில் ஒன்று, முதலாளி வீட்டில் ஒன்று. சிங்களமோ ஆங்கிலமோ தமிழோ, அதைப் பார்த்து வேலை செய்யப்போகிறவர் வாசிக்கும் மொழியில் எழுதுங்கள்.

அதில் முதல் வரி, யார் முடிவெடுப்பது. "இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே மத்தியானம் ஆகிவிடும். எங்கள் விதி இது: 30 நிமிடத்துக்குள் காரணம் பிடிபடவில்லை என்றால் கிளவுட்டுக்கு மாறுகிறோம். யாரும் கோபிக்கக்கூடாது, அப்புறம் தேவையில்லாமல் மாறினோம் என்று தெரிந்தாலும் சரி.

ரான்சம்வேர் என்று சந்தேகம் வந்தால் வரிசை வேறு. முதலில் நகலெடுப்பை நிறுத்தி, இணையக் கேபிளைக் கழற்றுங்கள். சேர்வரை அணைத்து அழித்துவிடாதீர்கள், தடயம் வேண்டும். நாட்டின் இணையப் பாதுகாப்பு அவசர உதவி அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு அறிவியுங்கள். எந்த நேரப்புள்ளி சுத்தமானது என்று தெரியும் வரை கிளவுட்டில் எதையும் எழுப்ப வேண்டாம்.

டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி எது என்று சொல்லும் பதிவு, அதைப் பற்றி ஒன்று. உங்கள் முகவரிகளின் டிடிஎல் (பழைய முகவரியை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 3,600 செக்கன் என்று இருந்தால், நீங்கள் மாற்றிய பிறகும் சிலர் ஒரு மணிநேரம் செத்த சேர்வரின் கதவையே தட்டிக்கொண்டிருப்பார்கள். இன்றே 300 ஆக்கிவிடுங்கள், காசு கேட்காது.

படி 11: திரும்பி வருவது

பலர் திட்டத்தில் இதை எழுதுவதே இல்லை. புது சேர்வர் வந்துவிட்டது, ஆனால் இப்போது உண்மையான தரவு கிளவுட்டில் இருக்கிறது, ஒபிஸில் இருப்பது பழையது. எதிர்த்திசையில் நகலெடுக்க வேண்டும். இரண்டு சேவைகளிலும் ஃபெயில்பேக் என்று அதற்கு வழி உண்டு. கிளவுட்டிலிருந்து வெளியே வரும் தரவுக்கு ஜிபி கணக்கில் காசு என்பதையும், மேலே போட்ட 22 மணித்தியாலக் கணக்கையும் மறக்காதீர்கள். சனி இரவு தொடங்குங்கள். கிளவுட்டில் பில் போடுவதை நிறுத்தி, கடைசி பில் இலக்கத்தை இரண்டு பக்கமும் ஒப்பிட்டு, ஒன்றானால்தான் மாறுங்கள். மாறிய கையோடு, ஒபிஸிலிருந்து கிளவுட்டுக்கு நகலெடுப்பு மறுபடி தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த விழுகைக்கு ஒன்றும் இருக்காது.

கிளவுட்டில் எழுப்பிய சேர்வர்களை ஒரு வாரம் அணைத்து வைத்துவிட்டு, எல்லாம் சரி என்றதும் அழித்துவிடுங்கள். நான் ஒருமுறை ஒத்திகை முடிந்து அணைக்க மறந்து, மூன்று சேர்வரும் 23 நாள் யாருக்கும் பில் போடாமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மாதத்து டொலர் பில்லை முதலாளி தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். இப்போதும் ஒத்திகை என்று நான் போய் நின்றால், ஒன்றும் பேசாமல் விரலால் அதை ஒருமுறை தட்டிக் காட்டுவார்.